சகாராவைக் கடந்த ஏழை

நெடும் பயணம் போக என்ன வேண்டும்? பணம் வேண்டும், ஆள் துணை வேண்டும், கையில் துப்பாக்கி வேண்டும் என்று நாம் நினைப்போம். ஆனால் கையில் ஒரு சிறு தொகையோடு, துணையும் துப்பாக்கியும் இல்லாமல், சகாரா பாலைவனத்தையே கடந்தார் ஒருவர். அவர் பெயர் ரெனே கய்யே.

அனாதைச் சிறுவன்

ரெனே 1799-ம் ஆண்டு பிரான்சு நாட்டில் ஒரு சிற்றூரில் பிறந்தார். தந்தை ரொட்டி சுடும் தொழிலாளி. திருட்டுக் குற்றத்துக்காகச் சிறை சென்ற அவர், தண்டனைக் காலத்திலேயே இறந்துபோனார். சில ஆண்டுகளில் தாயும் கண்ணை மூடினாள்.

அனாதைச் சிறுவனுக்குப் புத்தகமே துணை. ராபின்சன் குரூசோ கதையைப் படித்தான். தேசப் படத்தில் ஆப்பிரிக்காவின் நடுப்பகுதி வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்தான். அங்கே போகவேண்டும் என்ற ஆசை அவனைப் பிடித்துக்கொண்டது.

16 வயதில், 60 பிராங்குப் பணத்துடன் கப்பல் ஏறினான்.

பாலைவனப் பள்ளிக்கூடம்

சகாராவின் தென்கரையில் டிம்பக்டு என்று ஒரு நகரம் உண்டு. இன்று அது மாலி நாட்டில் இருக்கிறது. அங்கே பொன் குவிந்து கிடப்பதாக ஐரோப்பாவில் பேசிக்கொண்டார்கள். முஸ்லிம் அல்லாதவர்கள் அங்கே போவது உயிருக்கு ஆபத்து. பிரிட்டிஷ் படை அதிகாரி கோர்டன் லெயிங் 1826-ல் அங்கே போய்ச் சேர்ந்தார். திரும்பும் வழியில் கொல்லப்பட்டார்.

ரெனே அவசரப்படவில்லை. 1824-ல் செனகல் ஆற்றுக்கு வடக்கே வாழ்ந்த மூர் மக்களிடம் போனார். பல மாதங்கள் அவர்களோடு தங்கினார். அரபு மொழி கற்றார். தொழுகை முறை கற்றார். அவர்கள் உண்டதை உண்டார். அவர்கள் படுத்த இடத்தில் படுத்தார்.

பிறகு பயணத்துக்குப் பண உதவி கேட்டார். பிரெஞ்சு அதிகாரிகள் கைவிரித்தார்கள். ஆங்கிலேயர்களும் மறுத்தார்கள். ரெனே மனம் தளரவில்லை. சியரா லியோனில் அவுரித் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, 2,000 பிராங்கு மிச்சம் பிடித்தார்.

அதில் பெரும் பகுதிக்குக் காகிதம், கண்ணாடி மணி போன்ற சரக்குகளை வாங்கினார். வழியில் உணவுக்கும் கூலிக்கும் அவைதான் பணம்!

சொந்த ஊர் எகிப்து என்றும், சிறு வயதில் பிரெஞ்சுப் படையினர் தன்னைத் தூக்கிப் போய்விட்டார்கள் என்றும், இப்போது வீடு திரும்புவதாகவும் ஒரு கதை சொன்னார். 1827 ஏப்ரலில் அரபு உடையில் புறப்பட்டார்.

காப்பாற்றிய கிழவி

வழியில் கடும் நோய் கண்டது. தியெமே என்ற கிராமத்தில் 5 மாதம் முடங்கிக் கிடந்தார். ஊர்க் கிழவி ஒருத்தி கஞ்சியும் மருந்தும் கொடுத்துக் காப்பாற்றினாள். எத்தனை முன்னேற்பாடு செய்தாலும், அன்புள்ள ஓர் உயிர் இல்லாவிட்டால் பயணம் ஏது?

1828 ஏப்ரல் 20-ந் தேதி டிம்பக்டு சேர்ந்தார். பொன் மாளிகை எதுவும் இல்லை! மணலுக்கு நடுவே மண் வீடுகள்தான் நின்றன. கண்டதையெல்லாம் ரகசியமாகக் குறித்துக்கொண்டார். யாராவது வந்தால், குர்ஆன் வசனங்களைப் படிப்பவர்போல இருந்துவிடுவார்.

தாகம்! தாகம்!

மே மாதம் ஒட்டகக் கூட்டத்தோடு வடக்கே கிளம்பினார். கிணற்றுக்கும் கிணற்றுக்கும் இடையே பல நாள் தூரம். வழிகாட்டி இரவில் துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நடத்திச் சென்றான். தண்ணீரை அளந்துதான் கொடுத்தார்கள். ஒரு மிடறு தண்ணீருக்காக ரெனே கெஞ்சினார். உடன் வந்தவர்களில் சிலர் அவரைக் கேலி செய்தார்கள். அவர் பொறுத்துக்கொண்டார். கோபத்தில் வாய் தவறி ஒரு சொல் வந்தாலும் வேஷம் கலைந்துவிடும், உயிரும் போய்விடும்.

செப்டம்பரில் கந்தல் உடையோடு மொராக்கோவின் டாஞ்சியர் துறைமுகத்தை அடைந்தார். அங்கிருந்த பிரெஞ்சுத் தூதரக அதிகாரி அவரை மறைத்து வைத்து, கப்பலேற்றி அனுப்பினார்.

டிம்பக்டு சென்று உயிரோடு திரும்பி அதன் விவரத்தைச் சொல்பவருக்குப் பாரிஸ் பூகோள சங்கம் அறிவித்திருந்த 10,000 பிராங்குப் பரிசு அவருக்கே கிடைத்தது. 1830-ல் அவருடைய பயண நூல் வெளிவந்தது. ஆனால் பாலைவனம் உடலை உருக்கிவிட்டது. 1838-ல், 38 வயதிலேயே காலமானார்.

ரெனே சேர்த்த மூட்டை சிறியது. ஆனால் போகும் இடத்து மக்களின் மொழியையும் பழக்கத்தையும் கற்றுக்கொள்ள அவர் தயங்கவில்லை. அந்தக் கல்விதான் அவரைக் கரை சேர்த்தது.