நாட்டைப் பிறப்பித்த எழுத்து, வாக்கு மறுக்கப்பட்ட எழுத்தாளர்

1806ஆம் ஆண்டு நியூயோர்க் மாநிலத்தின் நியூ ரொஷெல் ஊரில் வாக்களிக்க வந்த ஒரு முதியவரைத் தேர்தல் அதிகாரிகள் திருப்பி அனுப்பினார்கள். அவர் அமெரிக்கப் பிரஜை அல்ல என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்த முதியவர் தோமஸ் பெயின். பிரித்தானியப் பேரரசிலிருந்து பிரிந்துபோகும் துணிவை 13 குடியேற்றங்களுக்கு ஊட்டியதில் இவருடைய எழுத்துக்குப் பெரும் பங்குண்டு.

ஊடகக் கற்கை படித்த நாட்களில் பெயின் எனக்கு ஒரு பரீட்சைக் கேள்வி மட்டுமே. துண்டுப்பிரசுரத்தின் வலிமைக்கு அவர் உதாரணம். அதன் பிறகு அவருக்கு என்ன நடந்தது என்பதை, எழுதிப் பிழைக்கத் தொடங்கிய பின்னர்தான் நான் தேடி வாசித்தேன்.

1737இல் இங்கிலாந்தின் தெட்போர்ட்டில் பிறந்தார். தந்தையிடம் தையல் தொழில் பழகினார். பின்னர் கலால் வரி உத்தியோகத்தரானார்; 1774இல் அந்த வேலையும் பறிபோனது. லண்டனில் சந்தித்த பெஞ்சமின் பிராங்கிளினின் அறிமுகக் கடிதத்துடன், அதே ஆண்டு இறுதியில் நோயாளியாகப் பிலடெல்பியாவில் கரையிறங்கினார். வயது 37.

அடுத்த ஆண்டே போர் மூண்டது. ஆனாலும் மன்னருடன் சமரசம் செய்துகொள்ளலாம் என்றே பலர் நம்பினார்கள். 1776 ஜனவரியில் பெயர் போடாமல் அவர் வெளியிட்ட ‘கொமன் சென்ஸ்’ அந்த நம்பிக்கையை உடைத்தது. அது வரிக்குறைப்புக் கேட்கவில்லை. மன்னராட்சியே எதற்கு என்று சாதாரண மக்களின் மொழியில் கேட்டது. ஆறு மாதங்களில் சுதந்திரப் பிரகடனம் வந்தது.

1787இல் ஐரோப்பா திரும்பிய பெயின் அங்கும் சும்மா இருக்கவில்லை. மனித உரிமைகள் பற்றிய நூலுக்காக இங்கிலாந்து அவரை அரச துரோக எழுத்தாளராகக் குற்றவாளியாக்கியது. பிரான்ஸ் தேசியப் பேரவைக்கு அவரைத் தெரிவுசெய்தது. அங்கே, மன்னராட்சியை வெறுத்த இந்த மனிதர் பதினாறாம் லூயியைக் கொல்ல வேண்டாம் என்று வாதாடினார். 1793 டிசம்பரில் பரிஸில் சிறை வைக்கப்பட்டார். அப்போதைய அமெரிக்கத் தூதர் அவரைத் தம் நாட்டவராக உரிமைகோரி மீட்க முனையவில்லை. அடுத்த தூதர் ஜேம்ஸ் மன்றோ வந்த பிறகே, 1794 நவம்பரில் விடுதலை கிடைத்தது.

சிறைக்கு முன்பும் உள்ளேயும் அவர் எழுதிய நூல் மதநிறுவனங்களைச் சாடியது. கடவுள் நம்பிக்கை கொண்டவராக இருந்தும் நாத்திகர் என்று தூற்றப்பட்டார். 1802இல் அமெரிக்கா திரும்பியபோது பழைய நண்பர்கள் பலர் ஒதுங்கினார்கள். வாக்கு மறுக்கப்பட்ட நியூ ரொஷெலில்தான் அவருடைய பண்ணையும் இருந்தது. விடுதலைப் போரில் ஆற்றிய சேவைக்காக அந்த மாநிலமே வழங்கிய நிலம் அது. பரிஸ் சிறையில் அமெரிக்கா அவரை உரிமைகோராததையே இப்போது அவருக்கு எதிரான சான்றாகக் காட்டினார்கள்.

1809 ஜூன் 8ஆம் திகதி இறந்தார். இறுதி நிகழ்வுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே வந்தார்கள். குவேக்கர் சபை தன் மயானத்தில் இடம் கொடுக்காததால் பண்ணையிலேயே புதைத்தார்கள். 1819இல் வில்லியம் கொபெட் எலும்புகளைத் தோண்டியெடுத்து, நினைவிடம் கட்டுவதற்காக இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். நினைவிடம் எழவில்லை, எலும்புகளும் தொலைந்தன.

பேரரசிலிருந்து பிரிவதுடன் ஒரு தேசம் உருவாகி முடிந்துவிடுவதில்லை. யார் அதன் பிரஜை என்ற கேள்வி பிறகுதான் தொடங்குகிறது. அந்தக் கேள்வியில் பெயினே தோற்றார் என்றால், எழுதத் தெரியாத, பெயர் தெரியாத எத்தனை பேர் தோற்றிருப்பார்கள் என்று யோசிக்கிறேன்.