கோவை ரேஸ் டிராக்குக்குப் பெயர் தந்த கரிவர்தன் யார்?

கோவை செட்டிபாளையத்தில் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' போர்டைப் பார்க்கிற வெளியூர்க்காரர்களுக்கு முதலில் அடுப்புக்கரிதான் ஞாபகம் வரும். டயர் தேய்ந்து தரை கறுத்துக் கிடக்கிற இடம் என்பதால் பொருத்தம்தான் என்றுகூடத் தோணும். ஆனால் அது ஒரு மனிதரின் பெயர். எஸ்.கரிவர்தன். ரேஸ் வட்டாரத்தில் சுருக்கமாக, கரி.

1910-ல் தொடங்கிய லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர். பணத்துக்குக் குறைவில்லை. அந்தக் காலத்தில் ரேஸ் ஓட்ட முதல் தகுதியே அதுதான்.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம்தான் அப்போது ரேஸ் நடக்கும் இடம். அங்கே கோண்டல் மகாராஜா, விஜய் மல்லையா போன்றவர்கள் வெளிநாட்டு ரேஸ் கார்களோடு வந்து இறங்குவார்கள். மல்லையா ஒரு ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து ஓட்டினார். மற்றவர்கள்? வீட்டில் இருந்த ஃபியட்டையும் அம்பாசடரையும் பட்டறையில் கொடுத்து, எடையைக் குறைத்து, இன்ஜினை நோண்டி எடுத்து வருவார்கள். யார் முன்னால் வருவார் என்பது கொடி அசைக்கும் முன்பே பாதி தெரிந்துவிடும்.

கரியும் சோழவரத்தில் ஓட்டினார். நினைத்திருந்தால் அவரும் வசதியாக இறக்குமதிக் காரிலேயே காலம் தள்ளியிருக்கலாம். அவர் இறங்கியதோ கார் கட்டும் வேலையில். அதற்கு கோவையைவிடத் தோதான ஊர் ஏது? மோட்டார் பம்ப், ஃபவுண்டரி, லேத் பட்டறை என்று இரும்போடு பேசத் தெரிந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருந்த ஊர். சூப்பர் ஸ்பீட்ஸ் என்ற பெயரில் அவர் இங்கே ரேஸ் கார்களைச் செய்தார்.

1980-களில் மாருதி 800 வந்ததும் அவருக்கு வழி கிடைத்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர், சின்ன இன்ஜின். ஆனால் எடை குறைவு, நம்பிக்கையானது. எந்த ஊரிலும் ஸ்பேர் கிடைக்கும். சாதாரண மாருதியில் முன்னால் இருக்கும் அந்த இன்ஜினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்து, இரும்புக் குழாய் ஃப்ரேம், மேலே ஃபைபர் பாடி, ஒரே ஒரு சீட். இதுதான் ஃபார்முலா மாருதி.

வேகத்தில் இது வெளிநாட்டு ரேஸ் கார்களுக்குப் பக்கத்தில்கூட நிற்காது. விஷயம் அது இல்லை. களத்தில் இறங்கும் எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே கார். அப்பா யார், பேங்க்ல எவ்வளவு இருக்கு என்பதெல்லாம் வளைவில் உதவாது. யார் லேட்டாக பிரேக் பிடிக்கிறார், யார் சரியான கோட்டில் திருப்புகிறார் என்பதுதான் பேசும். ரேஸ் அப்போதும் ஏழைகளின் விளையாட்டாகிவிடவில்லை என்பது உண்மை. ஆனால் மகாராஜாவாக இருக்க வேண்டிய அவசியம் போனது. கோடீஸ்வரர் ஒருவரே இந்தக் கதவைத் திறந்தார் என்பதுதான் வேடிக்கை.

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர டிராக் வந்தது. அங்கே ஃபார்முலா மாருதியில் தன் முதல் ரேஸை ஓட்டிய கோவைப் பையன் ஒருவர், முதல் ரேஸிலேயே போடியம் ஏறினார். நரேன் கார்த்திகேயன்தான் அது. 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன்னில் இறங்கிய முதல் இந்தியர் ஆனார்.

அதைப் பார்க்க கரி இல்லை. கார் ஓட்டி ஆயுசைப் பணயம் வைத்த மனிதரை எந்த டிராக்கும் எடுத்துக்கொள்ளவில்லை. 1995-ல் இலகு ரக விமான விபத்தில் இறந்தார். நாற்பதைத் தாண்டிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது.

அவர் விட்ட வேலையை அதே ஊர்க்காரரான பி.விஜயகுமார் தொடர்ந்தார். 2003-ல் செட்டிபாளையத்தில் சுமார் 2 கி.மீ. நீளத்தில் டிராக் திறந்து, கரி பெயரை வைத்தார். இப்போது அங்கே ஓடும் ஃபார்முலா எல்ஜிபி கார்களில் இருப்பது ஸ்விஃப்ட் இன்ஜின். அதுவும் மாருதிதான்.