மணி ஒலித்தபோதெல்லாம் எழுந்தவர்



பங்குப் பணியில் இருப்பவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். திருப்புகழ்மாலையைக் கையில் எடுத்து அமரும் அந்த நேரத்தில்தான் பங்கு இல்லத்தின் அழைப்புமணி ஒலிக்கும். கையெழுத்துக்காக ஒருவர், கோவில் சாவிக்காக இன்னொருவர், சும்மா பார்த்துவிட்டுப் போக மற்றொருவர். நாமும் எழுந்துதான் போகிறோம். ஆனால் எந்த முகத்தோடு போகிறோம் என்பது வாசலில் நிற்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. குடும்பங்களிலும் இதே கதைதான். செபமாலையின் இரண்டாம் மறையுண்மை முடிவதற்குள் யாராவது கதவைத் தட்டிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட நேரங்களில் நாம் நினைத்துப் பார்க்க வேண்டிய ஒரு புனிதர் இருக்கிறார். அவர் புனித அல்போன்ஸ் ரொட்ரிகஸ்.

இதே பெயரில், அதே காலத்தில், இயேசு சபையிலேயே மற்றொருவரும் வாழ்ந்தார். அவர் குரு. கிறிஸ்தவ நிறைவு பற்றி அவர் எழுதிய நூலை எத்தனையோ துறவற இல்லங்களில் வாசித்திருக்கிறார்கள். நாம் சொல்பவர் அவர் அல்லர். இவர் குருவானவர் அல்லர், கல்வியை முடித்தவரும் அல்லர்.

ஸ்பெயின் நாட்டின் செகோவியா நகரில் கம்பளி வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அல்போன்ஸ். இயேசு சபையின் முதல் தோழர்களுள் ஒருவரான புனித பேதுரு ஃபாபர் அந்நகருக்கு மறையுரையாற்ற வந்தபோது இவர்களுடைய வீட்டில்தான் தங்கினார். சிறுவன் அல்போன்சைப் புதுநன்மைக்குத் தயாரித்தவரும் அவரே. பிறகு அல்கலாவில் படிக்க அனுப்பப்பட்டார். ஆனால் தந்தை திடீரென இறந்துபோகவே, படிப்பை விட்டுவிட்டு வணிகத்தைக் கவனிக்க வீடு திரும்பினார். திருமணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள். அதன்பின் அந்த வீட்டில் சாவு நின்றபாடில்லை. பிள்ளைகள் போனார்கள், மனைவி போனார், தாய் போனார். மிஞ்சியிருந்த ஒரே மகனும் போய்விட்டான். வணிகமும் நொடித்தது. முப்பது வயதைக் கடந்து சில ஆண்டுகளுக்குள் வெறுமையான வீட்டில் தனியாக நின்றார்.

துறவறம் நாடிச் சென்றார். படிப்பு போதாது, உடல்நலமும் போதாது என்று மறுத்துவிட்டார்கள். வலென்சியாவுக்குப் போய், சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் கற்றுப் பார்த்தார். அதுவும் எளிதாக இல்லை. இறுதியில் 1571ஆம் ஆண்டு, நாற்பதை நெருங்கும் வயதில், சபையின் அருட்சகோதரராக ஏற்றுக்கொள்ளப்பட்டார். மற்ற எதற்கும் தகுதி இல்லாவிட்டாலும் புனிதராவதற்காகவாவது இவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று மாநிலத் தலைவர் முடிவு செய்ததாகச் சொல்வார்கள்.

சில மாதங்களிலேயே மயோர்கா தீவின் பால்மா நகரிலுள்ள மொந்தேசியோன் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார். அங்கேதான் 46 ஆண்டுகள் வாழ்ந்தார். வாயிற்காப்பாளர் பணி அவருக்குக் கிடைத்தது. கதவைத் திறப்பது, வந்தவரை அமர வைப்பது, தேடி வந்த குருவை அழைத்து வருவது, செய்தி சொல்வது, ஏழைகளுக்குப் பிச்சை கொடுப்பது. நாள் முழுவதும் இதே வேலைதான். மணி ஒலிக்கும்போதெல்லாம், வெளியே நிற்பவர் ஆண்டவரே என்று எண்ணி, இதோ வருகிறேன் என்று அவருக்கே பதில் சொல்லிக்கொண்டு எழுந்து போவது அவருடைய வழக்கமாக இருந்தது. வந்தவர் உயர்குடிப் பிரபுவானாலும் கந்தை உடுத்திய இரவலரானாலும் அந்த மறுமொழி மாறவில்லை. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தை நாம் பீடத்தில் நின்று விளக்குகிறோம். அவர் அதைக் கதவின் தாழ்ப்பாளில் கைவைத்து வாழ்ந்தார்.

உள்ளத்தில் எப்போதும் ஆறுதல் பொங்கியதால்தான் இப்படிச் செய்ய முடிந்தது என்று எண்ண வேண்டாம். தம் பாவங்களைப் பற்றிய அச்சம் அவரை வாட்டியது. கடும் சோதனைகள் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தன. செபத்தில் வறட்சியும் இருந்தது. உள்ளே இருள் சூழ்ந்திருந்த நாள்களிலும் வெளியே மணி ஒலித்தது. அவரும் எழுந்தார். இதையே நாம் முக்கியமாகக் கருதுகிறோம். இறைவனை வரவேற்க நல்ல மனநிலை வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. தலைவர்களின் கட்டளைப்படி 1604 முதல் அவர் எழுதிவைத்த குறிப்புகளால்தான் இந்த உட்போராட்டம் நமக்குத் தெரிய வந்தது. தாமாக அவர் சொல்லியிருக்க மாட்டார்.

1605ஆம் ஆண்டு அந்தக் கதவின் வழியாக ஓர் இளைஞர் மெய்யியல் படிக்க வந்தார். அவர் பெயர் பேதுரு கிளேவர். தம் வாழ்வை எதற்குக் கொடுப்பது என்று தெளிவில்லாமல் இருந்தார். கற்றறிந்த பேராசிரியர்கள் பலர் இருந்த அந்த இல்லத்தில், முதியவரான வாயிற்காப்பாளரிடம்தான் நாள்தோறும் ஆன்மீக உரையாடலுக்குச் சென்றார். கடல் கடந்து அமெரிக்க மண்ணுக்குப் போகும்படி அவரைத் தூண்டியவர் அல்போன்ஸ். 1610இல் கிளேவர் கப்பலேறினார். கர்தகேனா துறைமுகத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் வந்திறங்கும்போதெல்லாம், உணவும் மருந்தும் எடுத்துக்கொண்டு ஓடிப்போய் அவர்களை எதிர்கொள்வதிலேயே வாழ்வைச் செலவிட்டார். வருகிறவரை எப்படி வரவேற்பது என்பதை அவர் எங்கே கற்றார் என்று நாம் கேட்கத் தேவையில்லை.

அல்போன்ஸ் அத்தீவைவிட்டு எங்கும் போகவில்லை. 1617 அக்டோபர் 31ஆம் நாள் அதே இல்லத்தில், நீண்ட நோய்க்குப் பின், இறைவனடி சேர்ந்தார். 1888ஆம் ஆண்டு திருத்தந்தை 13ஆம் லியோ அவரைப் புனிதராக அறிவித்தார். அன்றே, அதே சடங்கில், அவரிடம் பாடம் கேட்ட பேதுரு கிளேவரும் புனிதராக அறிவிக்கப்பட்டார்.