ரசாயன மேதை வான்ட் ஹாஃப்

நமது சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குச் சான்றோர் ஒருவரின் சரிதத்தை எழுதித் தருமாறு நண்பர்கள் பணித்தபோது, நாம் தேர்ந்துகொண்டது ஹாலந்து நாட்டிலே தோன்றிய ஒரு ரசாயன அறிஞரை. மெட்ரிகுலேஷனுக்கு மேல் படித்திராத ரயில்வே குமாஸ்தாவுக்கும் ரசாயனத்திற்கும் என்ன உறவு என்று அன்பர்கள் வினவலாம். உறவு காகிதத்தால் வந்தது. இருபது ஆண்டுகளாக நாம் காகிதங்களுக்கிடையே வாழ்ந்து வருகிறோம். அவற்றுள் எது காக்கத் தக்கது, எது கழிக்கத் தக்கது என்பதை உள்ளபடி நமக்கு உணர்த்தியது இப்பெரியவரின் வாழ்க்கையே.

யாக்கோபஸ் ஹென்ரிக்கஸ் வான்ட் ஹாஃப் 1852 ஆகஸ்டு 30-ஆம் நாள் ராட்டர்டாம் நகரில் பிறந்தார். தகப்பனார் மருத்துவர், தந்தைக்கும் மைந்தருக்கும் ஒரே பெயர். அன்னையார் பெயர் அலிடா யாக்கோபா கோல்ஃப். மக்கள் எழுவருள் இவர் மூன்றாமவர். பள்ளிப் பருவத்திலேயே ரசாயனத்தில் பற்றுக்கொண்ட இவர், அதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள விழைவதாகப் பெற்றோரிடம் கூறியபோது தகப்பனார் இசையவில்லை. வெறும் ஆராய்ச்சியால் வயிறு நிரம்புமா என்பது அவர்தம் கவலை. நம் காலனியில் பிள்ளைகளைப் பெற்ற எவருக்கும் இக்கவலை புதிதன்று. முடிவில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. கைத்தொழிலுக்குப் பயன்படும் படிப்பைப் பயிலுமாறு டெல்ஃப்ட் நகரத்துப் பொறியியற் கல்லூரிக்கு 1869-இல் மைந்தர் அனுப்பப்பட்டார்.

மூன்று ஆண்டுப் படிப்பை இரண்டே ஆண்டில் முடித்தார். விடுமுறை நாட்களில் ஒரு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தார். நாள்தோறும் ஒரே வேலையைச் செய்து சலித்த அவருக்கு, தம் வழி ஆலை வழியன்று என்பது அங்கேதான் தெளிவாயிற்று. தந்தையாரும் பின்னர்த் தடை சொல்லவில்லை. லைடன் சர்வகலாசாலையில் சிறிது காலம் கணிதம் பயின்றார். 1872-இல் ஜெர்மனியின் பான் நகரில் கெகுலே என்னும் பேரறிஞரிடமும், அதன்பின் பாரிஸில் வுர்ட்ஸ் என்பவரிடமும் சென்று கற்றார். அந்நிய ஊர்களிலிருந்து பெற்றோருக்கு ஓயாது கடிதம் எழுதி வந்தார். அக்கடிதங்களை வீட்டார் எறிந்துவிடாமல் வைத்திருந்தனர் என்பதை அன்பர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகிறோம். அதன் பயனைப் பின்னர்க் காண்போம்.

தாயகம் திரும்பிய வான்ட் ஹாஃப் 1874-இல் உட்ரெக்ட் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு, அவ்வூர் நூலகத்தில், விஸ்லிசேனஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் லாக்டிக் அமிலத்தைப் பற்றி எழுதிய கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தார். புளித்த பாலில் கிடைக்கும் அமிலமும் தசையில் கிடைக்கும் அமிலமும் அணுக்களின் எண்ணிக்கையிலும் இணைப்பிலும் ஒன்றாயிருந்தும், தன்மையில் வேறாயிருந்தன. இஃது எங்ஙனம்? கட்டுரையைப் பாதியிலே நிறுத்திவிட்டு உலாவப் புறப்பட்டார். அவ்வுலாவிலேதான் விடை தோன்றியது.

அவ்விடையை நாம் புரிந்துகொண்ட அளவிற் சொல்லுகிறோம். கரி அணுவுக்கு நான்கு கைகள் என்பது முன்னரே அறிந்த செய்தி. அக்கைகளைக் காகிதத்தின்மீது சிலுவைபோல் தட்டையாக வரைவது அக்கால வழக்கம். அணுக்கள் காகிதத்தில் வாழவில்லை, வெளியில் அன்றோ வாழ்கின்றன என்று வான்ட் ஹாஃப் எண்ணினார். நான்கு முக்கோணங்களால் ஆன நான்முகி என்னும் வடிவத்தின் நடுவே கரி அணுவை வைத்து, நான்கு மூலைகளுக்கும் கைகளை நீட்டிப் பார்த்தார். நான்கு கைகளிலும் வெவ்வேறு பொருள்கள் பற்றியிருப்பின், அதனை இரு விதமாக அமைக்கலாம்; ஒன்று மற்றொன்றின் கண்ணாடி நிழல். நம் வலக்கையும் இடக்கையும் ஒத்த வடிவின எனினும், ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் பொருந்துவதில்லை. வலக்காற் செருப்பு இடக்காலுக்கு உதவுவதுமில்லை. அவ்வண்ணமே பொருள்களிலும் வலமும் இடமும் உண்டு.

நம் வீட்டுப் புளியில் உள்ள புளிப்பு டார்டாரிக் அமிலத்தால் வருவது. திராட்சை ரசத்திலும் அவ்வமிலம் உண்டு. அதன் உப்புகளில் வலம் இடம் என இருவகைப் படிகங்கள் இருப்பதையும், அவை ஒளியை எதிரெதிர்த் திசைகளில் திருப்புவதையும் பாஸ்டர் 1848-லேயே கண்டிருந்தார். கண்டதற்குக் காரணம் கூறியது வான்ட் ஹாஃபின் நான்முகி. இன்னோர் உதாரணம் நம் சகோதரிகளுக்கு. புதினாவின் மணத்திற்கும் சதகுப்பை விதையின் மணத்திற்கும் முதன்மையான காரணம் கார்வோன் என்னும் பொருள். ஒன்றில் இருப்பது மற்றதில் இருப்பதன் கண்ணாடி நிழல். நம் மூக்கோ இரண்டையும் வெவ்வேறாக அறிகிறது.

இக்கருத்தை 1874 செப்டம்பரில் தம் தாய்மொழியாகிய டச்சு மொழியிலேயே எழுதி வெளியிட்டார். பன்னிரண்டு பக்க எழுத்தும் ஒரு பக்கப் படமுமே அந்நூல். அப்போது அவருக்கு வயது 22. வுர்ட்ஸின் ஆய்வுக்கூடத்தில் உடனிருந்த லெ பெல் என்னும் பிரெஞ்சு அறிஞரும் அதே கருத்தைத் தனித்துக் கண்டு, சில வாரங்கள் கழித்து வெளியிட்டார். இருவரும் பிறகு பூசலிட்டாரல்லர். 1893-இல் லண்டன் ராயல் சங்கத்தின் டேவி பதக்கத்தை இருவரும் சேர்ந்தே பெற்றனர்.

டச்சு மொழி அறிந்தோர் சிலரே ஆதலின், சிறு நூலை உலகம் கவனிக்கவில்லை. 1875-இல் அதனை விரிவாக்கிப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். அத்தோடு நில்லாமல், அட்டையை வெட்டி மடித்து ஒட்டிச் சிறுசிறு நான்முகிகளைத் தம் கையாற் செய்து, வண்ணம் தீட்டி, வுர்ட்ஸ், கெகுலே, பேயர் முதலிய பேரறிஞர்களுக்கு அனுப்பி வைத்தார். இக்காலத்தில் அவருக்கு நிலையான உத்தியோகமும் இல்லை. மாணவர்களுக்குத் தனிப்பாடம் சொல்லி வாழ்ந்தார். 1876-இல் உட்ரெக்ட் கால்நடை மருத்துவப் பள்ளியில் ஆசிரியர் வேலை கிட்டியது.

1877-இல் ஜெர்மன் மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அதற்கு முன்னுரை வழங்கியவர் அதே விஸ்லிசேனஸ். உடனே இடியும் விழுந்தது. லைப்சிக் நகரத்தில் கோல்பே என்னும் மூத்த பேராசிரியர், பெரும் புகழ் படைத்தவர், தம் பத்திரிகையில் இளைஞரைக் கடுமையாக ஏளனம் செய்தார். கால்நடைப் பள்ளி வாத்தியாருக்கு உண்மை ஆராய்ச்சி கசந்து, கற்பனைக் குதிரையேறி அணுக்களைக் காணப் பறந்துவிட்டார் என்பது அவ்வசையின் சாரம். குறை கருத்தின்மேல் மட்டும் சொல்லப்படவில்லை, வேலை செய்யும் இடத்தின்மேலும் சொல்லப்பட்டது என்பதைச் சிறிய உத்தியோகத்தில் இருப்போர் நன்குணர்வர்.

வான்ட் ஹாஃப் வசைக்கு வசை சொல்லவில்லை. அவ்வாண்டே ஆம்ஸ்டர்டாம் சென்று, 1878-இல் அங்கே பேராசிரியரானார். பதவியேற்ற நாளில் ஆற்றிய உரைக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் விஞ்ஞானத்தில் கற்பனையின் இடம் என்பது. ஏறக்குறைய 200 விஞ்ஞானிகளின் சரிதங்களைப் படித்து, அவர்களுள் 52 பேர் கவிதை, ஓவியம் முதலியவற்றிலும் மனம் தோய்ந்த கற்பனையாளர் என்று எடுத்துக்காட்டினார். அவரே பைரன் கவிதையில் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர். கோல்பேயின் ஏளனத்திற்கு இதனினும் கண்ணியமான மறுமொழி இருக்க முடியாது. அவ்வாண்டு டிசம்பர் 27-ஆம் நாள் யோஹன்னா பிரான்சினா மேஸ் என்னும் மங்கையை மணந்தார். இரு பெண்களும் இரு ஆண்களும் பிறந்தனர்.

ஆம்ஸ்டர்டாமில் 18 ஆண்டுகள் பணிபுரிந்தார். ரசாயன மாற்றம் எவ்வளவு விரைவில் நிகழும், எங்கே நிற்கும் என்பவற்றை ஆராய்ந்து 1884-இல் ஒரு பெருநூல் இயற்றினார். வெப்பம் பத்து டிகிரி உயர்ந்தால் பெரும்பாலான மாற்றங்களின் வேகம் இரண்டு மூன்று மடங்காகும் என்ற விதி அதன்வழி வந்தது. பின்பு, உடன் பணியாற்றிய தாவர அறிஞர் ஹூகோ டி வ்ரீஸ் கூறிய ஒரு செய்தி அவர் சிந்தையைத் தூண்டியது. உப்பிட்ட மாங்காய்த் துண்டு நீர் விடுவதையும், நீரிலிட்ட உலர்ந்த திராட்சை பருப்பதையும் நம் வீட்டுப் பெண்டிர் அறிவர். மெல்லிய தோலின் வழியே நீரை இவ்வாறு ஈர்க்கும் விசைக்கும், அடைத்த கலத்தில் வாயு தரும் அழுத்தத்திற்கும் கணக்கு ஒன்றே என்று வான்ட் ஹாஃப் கண்டார். உப்புக் கரைசல்களில் மட்டும் அக்கணக்கு மிகுதி காட்டியது. 1887-இல் ஸ்வீடன் நாட்டு இளைஞர் அர்ரீனியஸ் எழுதிய கடிதம் காரணத்தைக் கூறியது: உப்பு நீரில் கரையும்போது மின்னேற்றமுள்ள துகள்களாகப் பிரிகின்றது. ஒரு கடிதத்தால் ஒரு புதிர் அவிழ்ந்தது.

பாடம் நடத்துதலும் பரீட்சை பார்த்தலும் மிகுந்து ஆராய்ச்சிக்கு நேரமில்லாது போகவே, 1896-இல் பெர்லினுக்குச் சென்றார். அங்கே வாரம் ஒரு விரிவுரையே கடமை. ஸ்டாஸ்ஃபர்ட் சுரங்கத்து உப்புப் படிவங்கள் பண்டைக் கடலிலிருந்து எங்ஙனம் உருவாயின என்பதைப் பத்தாண்டு ஆராய்ந்தார். நோபெல் பரிசு முதன்முதலாக வழங்கப்பெற்ற 1901-ஆம் ஆண்டில், ரசாயனத்திற்குரிய பரிசு அவருக்கே கிட்டியது. அப்பரிசு அளிக்கப்பட்டது மாற்றங்களின் வேகத்தையும் கரைசல்களின் அழுத்தத்தையும் பற்றிய விதிகளுக்கே. இளமையில் செய்த நான்முகிக்கு அன்று. ஆயினும் இன்று கல்லூரி மாணவன் ஒவ்வொருவனும் கையிலெடுத்துக் கற்பது அந்த நான்முகியையே. மருந்து செய்வோரும் ஒவ்வொரு மருந்தின் வலத்தையும் இடத்தையும் பிரித்துச் சோதிக்கின்றனர். காசநோயால் மெலிந்த வான்ட் ஹாஃப் 1911 மார்ச் 1-ஆம் நாள் பெர்லினுக்கு அருகே ஸ்டெக்லிட்ஸில் காலமானார்.

இனி, முன்னர்க் குறித்த காகிதங்களுக்கு வருவோம். அவருடைய மாணவர் எர்ன்ஸ்ட் கோஹன், ஆசிரியர் மறைந்த மறு ஆண்டே, 1912-இல், அவர் சரிதத்தை எழுதினார். வீட்டார் காத்துவைத்த கடிதங்கள் அந்நூலுக்கு உயிரூட்டின. யூதராகிய கோஹன் 1944-இல் ஆஷ்விட்ஸ் கொலைக்களத்தில் கொல்லப்பட்டார். எழுதியவரை அழித்தவர்களால் எழுத்தை அழிக்க இயலவில்லை. வான்ட் ஹாஃப் குடும்பத்தின் காகிதங்கள் இன்றும் அறிஞர்க்குப் பயன்படுகின்றன. அவர் செய்த அட்டை நான்முகிகளுள் நண்பர் பிரேமருக்கு அனுப்பியவை லைடன் நகரத்து போர்ஹாவ் காட்சிசாலையில் இருக்கின்றன. எளிய அட்டை, ஓரம் ஒட்டிய சிறு பொருள், விலை சொல்ல இயலாதது.

இதை எழுதும்போது நம் நெஞ்சு உறுத்துகிறது. சில ஆண்டுகளுக்கு முன் மாற்றல் வந்தபோது, சாமான் குறைய வேண்டுமென்று, ஊரிலிருந்து நம் தகப்பனார் எழுதிய கடிதங்கள் இருந்த தகரப் பெட்டியைப் பழைய காகிதம் வாங்குபவரிடம் எடைக்குப் போட்டோம். அலுவலகத்துக் காகிதம் ஒன்று காணாமற் போனால் விளக்கம் எழுதித் தருகிறோம். தந்தை கையெழுத்துக்கு விளக்கம் கேட்பார் இல்லை. அவர் எப்படி எழுத்தைச் சாய்த்து எழுதுவார் என்பதை நம் மக்களுக்குக் காட்ட இப்பொழுது ஒரு வரியும் இல்லை.

ஆகவே காலனிவாழ் தமிழ்க் குடும்பத்தாருக்கு நம் வேண்டுகோள் இரண்டு. மாற்றல் வரும்போது பாத்திரத்தோடு கடிதங்களுக்கும் ஒரு பெட்டி ஒதுக்குங்கள். பிள்ளை பாடப் புத்தகத்தை மூடிவிட்டு அட்டையை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தால், உடனே கடியாமல், அது என்னவென்று ஒரு முறை கேளுங்கள். ராட்டர்டாம் மருத்துவரும் முதலில் தடுத்தவரே, பின்னர் வழிவிட்டார். அதனால் உலகம் பெற்றது பெரிது.

சங்கம் வளர்க! சிறார் செழிக்க!