குடல் நோய்க்குப் பெயர் தந்த டாக்டர்

வயிறு வலிக்கிறது என்று எத்தனை முறை பள்ளிக்கு லீவு போட்டிருப்பீர்கள், குட்டீஸ்? அதெல்லாம் மாலைக்குள் ஓடிப்போகும் வலி. மாதக்கணக்கில் விடாத வலி ஒன்று உண்டு. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. பேதி, காய்ச்சல் என்று ஆளையே உருக்கிவிடும். அதன் பெயர் 'கிரோன் நோய்'. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் டாக்டர் பரில் கிரோன்.

இவர் 1884-ல் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிறந்தார். வீட்டில் மொத்தம் 12 பிள்ளைகள்! அப்பாவுக்கு ஓயாத அஜீரணத் தொல்லை. அவர் படும் பாட்டைப் பார்த்துத்தான் மகன் மருத்துவம் படித்தார். படித்து முடித்ததும் அதே நகரில் உள்ள மவுன்ட் சினாய் மருத்துவமனையில் சேர்ந்தார்.

அந்தக் காலத்தில், சிறுகுடலின் கடைசிப் பகுதி வீங்கிப் புண்ணானால், அது குடல் காசநோய் என்றே பெரும்பாலும் நினைத்தார்கள். கிரோனுக்கும், அங்கிருந்த கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் என்ற டாக்டர்களுக்கும் சந்தேகம் வந்தது. 14 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். காசநோய்க் கிருமியைத் தேடு தேடு என்று தேடினார்கள். கிடைக்கவே இல்லை! இது வேறு நோய் என்று 1932-ல் கட்டுரை வெளியிட்டார்கள.

மூன்று பேர் எழுதியதற்கு ஒருவர் பெயர் மட்டும் ஏன்? உங்கள் வகுப்பு வருகைப் பதிவேடு மாதிரி, ஆங்கில அகரவரிசைப்படி பெயர்களைப் போட்டார்கள். கிரோன் முதலில் வந்துவிட்டார், அவ்வளவுதான்! பாவம், ஸ்காட்லாந்தின் டேல்ஸீல் என்ற டாக்டர் இதே போன்ற நோயைப் பற்றி 1913-லேயே எழுதியிருந்தார்.

1956-ல் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கே இந்த நோய்க்காக அறுவை சிகிச்சை நடந்தது. ஆனால் நோய் ஏன் வருகிறது? சில குடும்பங்களில் அண்ணன், தங்கை என்று பலருக்கு வந்தது. காரணம் தெரியாமலே 1983-ல், 99 வயதில் கிரோன் மறைந்தார்.

விடையின் ஒரு துண்டு 2001-ல் கிடைத்தது. அதன் பெயர் 'நாட்-2'. அது ஒரு மரபணு. அதாவது, உங்கள் மூக்கும் முடியும் எப்படி இருக்க வேண்டும் என்று அப்பா, அம்மாவிடமிருந்து வருகிறதே, அந்த மாதிரிக் குறிப்பு. நாட்-2 நம் குடலின் வாட்ச்மேன். பாக்டீரியா வந்தால் மோப்பம் பிடித்து எச்சரிக்கும். குறிப்பில் எழுத்துப்பிழை இருந்தால் வாட்ச்மேன் தடுமாறுவார். உடம்பின் பாதுகாப்புப் படை தாறுமாறாகச் சண்டையிட்டு, குடலையே புண்ணாக்கிவிடும்.

இதில் ஒரு வேடிக்கை. இந்தப் பிழை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை! 200-க்கும் மேற்பட்ட மரபணு இடங்களுக்கு இதில் பங்கு உண்டு என்று பின்னர் தெரிந்தது. குடலில் வாழும் பாக்டீரியாக்களுக்கும் பங்கு உண்டு. இந்த நோய் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளாது. மருந்தால் அடக்கி வைக்கலாம். அடியோடு ஒழிக்கும் மருந்து மட்டும் இன்னும் வரவில்லை.