மானியம் இன்றிப் பறந்த டாட்டா

1932-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி. கராச்சியில் இருந்து ஒரு சிறிய விமானம் கிளம்பியது. ஒரே என்ஜின். உள்ளே தபால் மூட்டை. ஓட்டியவருக்கு வயது 28.

வழியில் ஆமதாபாத்தில் இறங்கியது. அங்கே மாட்டு வண்டியில் பெட்ரோல் டின்கள் வந்தன! பெட்ரோல் போட்டுக்கொண்டு, விமானம் பம்பாய் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்ற விமானி, பெல்லாரி வழியாகத் தபாலைச் சென்னைக்குக் கொண்டு வந்தார்.

கராச்சியில் இருந்து வந்த அந்த இளைஞர்தான் ஜே.ஆர்.டி. டாட்டா.

முதல் லைசென்சு

டாட்டா 1904-ல் பாரீசில் பிறந்தார். தந்தை பார்சி. தாய் பிரெஞ்சுப் பெண்மணி. 1929-ல் அவர் விமானி லைசென்சு வாங்கினார். இந்தியாவில் கொடுக்கப்பட்ட முதல் லைசென்சு அது.

விமானம் விடுவதற்கு வெள்ளைக்கார சர்க்காரிடம் அவர் மானியம் கேட்டார். கிடைக்கவில்லை. அதற்காகச் சோர்ந்துவிடவில்லை. சுமக்கும் தபாலுக்குக் கூலி கொடுத்தால் போதும் என்று துணிந்து இறங்கினார். முதல் ஆண்டிலேயே லாபம் வந்தது!

சர்க்காருடன் கூட்டு

நாடு சுதந்திரம் அடைந்தது. வெளிநாட்டுக்கு விமானம் விட வேண்டும் என்று டாட்டா விரும்பினார். அதற்குப் பெரும் பணம் தேவை. எனவே 1948-ல் சர்க்காரைக் கூட்டுச் சேர்த்தார். நூற்றுக்கு 49 பங்கு சர்க்காருடையது. ஐந்து ஆண்டு வரை நஷ்டம் வந்தால் சர்க்கார் தாங்கும். பிறகு வரும் லாபத்தில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இதுதான் ஏற்பாடு.

அந்த ஆண்டு ஜூன் 8-ந் தேதி பம்பாயில் இருந்து லண்டனுக்கு முதல் விமானம் பறந்தது.

1953-ல் விமானக் கம்பெனிகள் எல்லாம் தேசிய உடைமை ஆயின. டாட்டாவுக்கு அதில் சம்மதம் இல்லை. தான் வளர்த்த பிள்ளை கைமாறியதுபோல் மனம் நொந்தார். ஆனாலும், ஏர் இந்தியாவின் தலைவராக இருக்கும்படி சர்க்கார் அழைத்தபோது மறுக்கவில்லை.

முதலாளி சர்க்கார், நடத்தியவர் டாட்டா. பயணம் செய்யும்போதெல்லாம் காப்பி, திரைச்சீலை, கழிப்பறை வரை பார்த்துக் குறிப்பு எழுதுவார். உலகக் கம்பெனிகளுடன் ஏர் இந்தியா போட்டி போட்டது. 1962-ல் அதன் விமானங்கள் அனைத்தும் ஜெட் விமானங்கள் ஆயின.

1978-ல் அவர் தலைவர் பதவியில் இருந்து நீக்கப்பட்டார். 1992-ல் "பாரத ரத்னா" பட்டம் பெற்றார். 1993-ல் ஜெனீவாவில் காலமானார்.

கொட்டிய கோடிகள்

பிற்காலத்தில் என்ன நடந்தது? 2005-06ல் 111 புது விமானங்களுக்குக் கடனை நம்பி ஆர்டர் கொடுக்கப்பட்டது. 2007-ல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்சும் ஒன்றாக்கப்பட்டன. கடன் மலைபோல் குவிந்தது. 2012-ல் சுமார் 30 ஆயிரம் கோடி ரூபாய் கொடுக்க அரசு ஒப்புக்கொண்டது. அப்போதும் நஷ்டம் நிற்கவில்லை. அது மக்களின் வரிப்பணம்.

சர்க்கார் முதலாளியாக இருந்தால் விமானக் கம்பெனி நொடித்துப் போகும் என்று சொல்ல முடியுமா? சிங்கப்பூர் விமானக் கம்பெனியில் பெரும்பங்கு அந்நாட்டு அரசின் முதலீட்டு நிறுவனத்துக்கே சொந்தம். ஆனால் அது லாபத்தில்தான் ஓட வேண்டும் என்பது தொடக்கம் முதலே கண்டிப்பு. டாட்டா காலத்து ஏர் இந்தியாவும் அப்படித்தான் இருந்தது. பணம் கொடுத்தால் மட்டும் போதாது. நடத்துகிறவருக்குச் சுதந்திரம் வேண்டும். செலவுக்குக் கணக்குக் கேட்க ஆள் வேண்டும்.

2022 ஜனவரியில் ஏர் இந்தியா மீண்டும் டாட்டா குழுமத்தின் கைக்கு வந்தது. அதைப் பார்க்க ஜே.ஆர்.டி. இல்லை. அவர் மறைந்து 28 ஆண்டுகள் ஆகியிருந்தன.