ஷெர்லாக் ஹோம்ஸ் கையில் திருச்சி சுருட்டுச் சாம்பல்... யார் இந்த கோனன் டாயில்?

திருச்சி சுருட்டு என்றாலே உடனே ஞாபகத்துக்கு வரும் பெயர் வின்ஸ்டன் சர்ச்சில். உறையூர் பக்கம் போனால் அந்தக் கதையைக் கேட்காமல் திரும்ப முடியாது. ஆனா, சர்ச்சில் பிரதமராவதற்கு 53 வருஷத்துக்கு முன்னாடியே நம்ம ஊர் சுருட்டு ஆங்கில நாவலுக்குள் நுழைந்துவிட்டது. அதுவும் ஒரு கொலை கேஸில் தடயமாக! நுழைத்தவர் ஆர்தர் கோனன் டாயில், ஷெர்லாக் ஹோம்ஸை உருவாக்கியவர்.

கேஸ் என்ன?

1887-ல் வெளியான ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’தான் ஹோம்ஸின் முதல் கதை. லண்டனில் ஆளில்லாத ஒரு வீட்டில் பிணம் கிடக்கிறது. போலீஸ் தலையைச் சொறிந்து நிற்க, ஹோம்ஸ் தரையில் கிடந்த கொஞ்சம் சாம்பலைச் சேகரிக்கிறார். கறுப்பாக இருக்கிறது, செதில் செதிலாக உதிர்கிறது. உடனே முடிவுக்கு வருகிறார்: கொலையாளி பிடித்தது திருச்சி சுருட்டு. கடைசியில் சிக்குவது யார் தெரியுமா? (ஸ்பாய்லர்!) ஒரு குதிரை வண்டி ஓட்டுநர்.

இங்கேதான் மேட்டர். அன்றைய பிரிட்டனில் திருச்சி சுருட்டு பணக்காரப் பொருள் இல்லை. கியூபா சுருட்டு வாங்க முடியாதவர்கள் தினமும் பிடித்த மலிவு விலைச் சுருட்டு. வண்டி ஓட்டுபவரின் வாயில் அது இருந்தால் வாசகருக்கு ஆச்சரியமே வராது.

அது ஏன் திருச்சி?

சுருட்டு என்ற தமிழ்ச் சொல்தான் ஆங்கிலத்தில் ‘செரூட்’ ஆனது. இரண்டு முனையும் வெட்டிவிட்ட, நேராக உருட்டிய சுருட்டுக்கு இன்றும் அதுதான் பெயர். காவிரி டெல்டாவின் வாசலில் இருக்கிறது திருச்சி. அங்கிருந்து கிழக்கே தஞ்சாவூர், திருவாரூர் வரைக்கும் நெல் வயல்தான். தண்ணீர் தேங்கும் வயலில் புகையிலை வராது. அதனால் திண்டுக்கல் பக்கத்துப் புஞ்சை நிலங்களில் இருந்து இலை வந்தது. உருட்டும் வேலை திருச்சியில் நடந்தது. பிரிட்டிஷ் ராணுவ முகாம் இருந்த ஊர் என்பதால் சிப்பாய்களும் அதிகாரிகளும் பழகிக்கொண்டார்கள், பழக்கம் அவர்களோடு கப்பல் ஏறியது.

டெல்டா கிராமங்களில் சுருட்டு இன்னொரு இடத்திலும் உண்டு. முனீஸ்வரன், கருப்பசாமி படையலைப் பாருங்க, சாராயத்துக்குப் பக்கத்தில் சுருட்டு இருக்கும். உழைக்கிற ஜனம் தான் பிடிப்பதைத்தான் சாமிக்கும் கொடுத்தது.

யார் இந்த டாயில்?

1859 மே 22-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தவர். அப்பா குடிக்கு அடிமை, வீட்டில் எப்போதும் பணக் கஷ்டம். மருத்துவம் படிக்கும்போது கிடைத்த பேராசிரியர் ஜோசப் பெல், நோயாளி வாய் திறக்கும் முன்பே அவர் என்ன வேலை செய்கிறார், எங்கிருந்து வருகிறார் என்று சொல்லிவிடுவார். நடை, கை, சட்டை எல்லாமே அவருக்குத் தகவல்தான். ஹோம்ஸுக்கு விதை அவர்தான்.

படிப்பின் நடுவில் 1880-ல் திமிங்கில வேட்டைக் கப்பலில் டாக்டராக ஆர்க்டிக் போய் வந்தார். 1882-ல் போர்ட்ஸ்மத் நகரத்தின் சவுத்சீயில் கிளினிக் திறந்தார். கூட்டம் வரவில்லை, எழுத நேரம் கிடைத்தது. முதல் ஹோம்ஸ் நாவலின் மொத்த உரிமையும் 25 பவுண்டுக்குக் கைமாறியது. 1891-ல் லண்டனில் கண் மருத்துவராக உட்கார்ந்து பார்த்தார், அதுவும் ஓடவில்லை. அதே ஆண்டு ‘ஸ்ட்ராண்ட்’ இதழில் வந்த ஹோம்ஸ் சிறுகதைகள் அவரை ஸ்டார் ஆக்கின. ஹோம்ஸ் போரடித்துப்போய் 1893-ல் அவரைச் சாகடித்தார், வாசகர்கள் விடவில்லை. 1903-ல் உயிரோடு திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

சாம்பலை வைத்துச் சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு. சாம்பல் என்பது இலை எரிந்த பிறகு மிஞ்சும் தாது உப்பு. இலை வளர்ந்த மண், பதப்படுத்திய விதம், எவ்வளவு நன்றாக எரிந்தது என்பதைப் பொறுத்து நிறமும் உதிரும் விதமும் மாறும். சுருட்டுப் பிடிப்பவர்கள் தரம் பார்ப்பதும் இப்படித்தான். ஒரே சீராக எரிகிறதா, சாம்பல் நிற்கிறதா, உடனே கொட்டுகிறதா என்று கவனிப்பார்கள். ஆனா, சாம்பலைப் பார்த்து 140 வகைப் புகையிலையைப் பிரிப்பேன் என்று ஹோம்ஸ் சொல்வது கொஞ்சம் ஓவர்தான். இருந்தாலும் துகளும் தூசியும் சாட்சி சொல்லும் என்ற யோசனை வீண் போகவில்லை. 1910-ல் பிரான்ஸின் லியோன் நகரில் போலீஸ் தடயவியல் ஆய்வகம் தொடங்கிய எட்மோன் லோகார், ஹோம்ஸ் கதைகளின் ரசிகர்.

நிஜத்தில் ஒரு கேஸ்

1903-ல் ஜார்ஜ் எடால்ஜி என்ற இளம் வழக்கறிஞர், கிரேட் வைர்லி கிராமத்தில் ராத்திரியில் கால்நடைகளைக் கிழித்த குற்றத்துக்காக 7 ஆண்டு தண்டனை பெற்றார். அப்பா இந்தியாவிலிருந்து போன பார்சி, கிறிஸ்தவ மதத்துக்கு மாறிப் பாதிரியாரானவர். ஊருக்கு அந்தக் குடும்பத்தின் நிறமே உறுத்தல். மூன்று ஆண்டு சிறையில் இருந்து வெளியே வந்த எடால்ஜி, டாயிலிடம் உதவி கேட்டார்.

1907 ஜனவரியில் ஹோட்டலில் சந்திப்பு. எடால்ஜி பேப்பரை முகத்தோடு ஒட்டிப் பிடித்துப் படிப்பதை டாயில் தூரத்திலிருந்தே பார்த்தார். கண் டாக்டருக்கு அது போதும். இவ்வளவு பார்வைக் குறைவு உள்ளவர் இருட்டில் வயல் கடந்து போய் மாட்டையும் குதிரையையும் வெட்டியிருக்க முடியுமா? பத்திரிகையில் தொடர்ந்து எழுதினார். அந்த ஆண்டே எடால்ஜிக்கு மன்னிப்பு கிடைத்தது, இழப்பீடு கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1907-ல் உருவானதற்கு இந்த வழக்கும் ஒரு காரணம். அதே ஆண்டு டாயிலின் இரண்டாவது கல்யாணத்துக்கு எடால்ஜியும் விருந்தாளி.

சறுக்கிய இடங்கள்

கண்ணால் பார்த்ததை வைத்து டாயில் முடிவெடுத்தபோது சரியாகவே இருந்தது. பார்க்காததை நம்பியபோது சறுக்கினார். ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ நாவலில் அந்தமான் பழங்குடி மனிதர் ஒருவரை மிருகம் மாதிரி வர்ணித்திருக்கிறார். நம்ம பக்கத்துச் சுருட்டின் சாம்பலுக்குக் கொடுத்த கவனம், நம்ம பக்கத்து மனுஷனுக்குக் கிடைக்கவில்லை.

1916-ல் ஆவிகளோடு பேச முடியும் என்று தான் நம்புவதை வெளிப்படையாகச் சொன்னார். 1918-ல் மகன் கிங்ஸ்லி இறந்தார். 1920-ல், காட்டிங்லி கிராமத்தில் இரண்டு பெண் பிள்ளைகள் எடுத்த தேவதை போட்டோக்கள் உண்மை என்று எழுதினார். அவை வெட்டிய அட்டைப் படங்கள் என்று அந்தப் பெண்களே ஒப்புக்கொண்டது 1980-களில்தான். டாயில் 1930 ஜூலை 7-ல், 71 வயதில் காலமானார்.

உறையூரில் சுருட்டு உருட்டும் கைகள் இப்போது ரொம்பக் குறைவு. புகை குறைவது நல்லதுதான், சுருட்டும் வாய்ப் புற்றுநோய் தரும். ஆனா, உலகத்தில் எந்த மூலையில் ஒருத்தர் ஹோம்ஸின் முதல் கதையைத் திறந்தாலும், திருச்சியின் பெயரைத் தாண்டித்தான் கொலையாளியிடம் போக முடியும். அந்தச் சுருட்டை உருட்டியவர் பெயர் மட்டும் எந்தக் கதையிலும் இல்லை.